மலை மேல் மாளிகை: மளிகைக்கு வழி என்ன?



நமது இதழில் வரி விகிதம், தராசு முத்திரை, உரிமம் புதுப்பித்தல் என்றுதான் வழக்கமாக எழுதுவோம். இம்முறை ஒரு விடுதியில் இரண்டு இரவு தங்கிய கதையைச் சொல்லப் போகிறேன். மளிகைக்காரனுக்கும் நட்சத்திர விடுதிக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சம்பந்தம் இருந்திருக்க வேண்டும், இல்லாமல் போய்விட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அடியேன் தராசு பிடிக்கக் கற்றது சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த நாகலூரில். என் தந்தையார் அங்கே வைத்திருந்த மளிகைக் கடையில் பதினான்கு வயதிலேயே உட்கார்ந்துவிட்டேன். தோட்டத்தில் கூலி போடும் நாளில் கடையில் நிற்க இடம் இருக்காது. அரிசி, பருப்பு, புளி, மிளகாய், மண்ணெண்ணெய், வெல்லம், சுருட்டு எல்லாம் அடிவாரத்திலிருந்து லாரியில் ஏறும். மலையில் விளையும் மிளகு, கடுக்காய், பலா, ஆரஞ்சு கீழே இறங்கும். ஏறும் சரக்கிலும் லாபம், இறங்கும் சரக்கிலும் லாபம் என்பதுதான் எங்கள் கடையின் கணக்கு. 1994ல் குடும்பத்தோடு சேலத்துக்கு இறங்கி, செவ்வாய்ப்பேட்டையில் மொத்த வியாபாரம் தொடங்கினேன். அதன்பின் மலைக்குப் போனதெல்லாம் காலையில் ஏறி மாலையில் இறங்குகிற பயணம்தான். அங்கே இரவு தங்கியதே இல்லை.

சென்ற கோடையில் எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்கு, சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஏற்காட்டில் ஒரு பெரிய ரிசார்ட்டில் அறை பிடித்துக் கொடுத்தாள். “அப்பா, நீங்கள் பிறந்த மலையை ஒரு தடவை விருந்தாளியாகப் போய்ப் பாருங்கள்” என்றாள். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, முப்பது ஆண்டுக்குப் பிறகு அந்த மலையில் இரவு தங்கினேன். வாடகை ஓர் இரவுக்கு ஒன்பதாயிரம் ரூபாய். அதன்மேல் பதினெட்டு சதவீத வரி 1,620 ரூபாய். என் தந்தையார் காலத்தில் அந்தத் தொகைக்கு லாரி நிறையச் சரக்கு ஏற்றியிருக்கலாம் என்று மனைவி சொன்னாள். அவளும் கடைக்காரர் வீட்டுப் பெண்.

துரைமார் கட்டிய ஊர்

ஏற்காட்டின் பழைய கதை நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். சேர்வராயன் கோயிலும், மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களும் வெள்ளையர் வருமுன்பே இருந்தவை. இன்று சுற்றுலாப் பயணிகள் பார்க்கிற ஏரிக்கரை நகரம்தான் ஐரோப்பியர் உண்டாக்கியது. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கே காபிச் செடியையும், பேரி முதலிய பழ மரங்களையும் கொண்டுவந்து நட்டார். அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கிரேஞ்ச் பங்களா ஊரின் மிகப் பழைய ஐரோப்பிய வீடுகளில் ஒன்று. பின்னால் தோட்ட முதலாளிகளும், பாதிரிமாரும், ஓய்வு பெற்ற அதிகாரிகளும் வந்து பங்களா கட்டினார்கள். கன்னியாஸ்திரீகளின் பள்ளியும், 1917ல் மான்ட்போர்ட் பள்ளியும் வந்தன.

அப்படி வந்தவர்களில் பெரிய மனிதர்களும் உண்டு. 1863ல் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வையே தொடங்கி வைத்த ராபர்ட் புரூஸ் பூட் தம் ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டில்தான் வாழ்ந்தார். அவருடைய மாமனார் பெர்சிவல் பாதிரியார் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டவர். 1882ல் இம்மலையிலேயே காலமானார். ஆக, அயலூர்ப் பணக்காரர் வந்து தங்குவது இம்மலைக்குப் புதிதல்ல. இருநூறு ஆண்டுப் பழக்கம்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். துரைமார் பங்களாவுக்கு சீமைச் சரக்கு எங்கிருந்தோ வந்திருக்கலாம். மற்ற சரக்கெல்லாம் கடைத்தெருவிலிருந்துதான் போகும் என்று என் தந்தையார் சொல்வார். பட்லர் கையில் ஒரு நோட்டு இருக்கும். கடைக்காரர் அதில் எழுதுவார், மாத முடிவில் பங்களாவில் பணம் வரும். ஏற்காட்டு ஏரிப் பக்கம் ஒண்டிக்கடை என்றே ஓர் இடம் இருக்கிறது. ஒற்றைக் கடை என்று பொருள் தருகிற பெயர். கடையை அடையாளமாக வைத்துத்தான் மலையில் வழி சொன்னார்கள். இன்று ரிசார்ட் பெயரைச் சொன்னால்தான் ஆட்டோக்காரருக்கே வழி தெரிகிறது.

அறையில் கண்ட காட்சி

விடுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. படுக்கை வெள்ளை வெளேரென்று இருந்தது, வெந்நீர் தட்டாமல் வந்தது, பணியாளர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள். சன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் காபிச் செடி, அதற்கு நிழலாகச் சில்வர் ஓக் மரம், மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி.

மேசைமேல் ஒரு தட்டு. அதில் மின்சாரக் கெட்டில், இரண்டு கோப்பை, பொட்டலம் பொட்டலமாக உடனடிக் காபித்தூள், பால் பவுடர், சர்க்கரை. காபித் தோட்டத்துக்கு நடுவே படுத்துக்கொண்டு எங்கோ தொழிற்சாலையில் அடைத்த பொடியைக் கரைத்துக் குடிக்க வேண்டியிருந்தது. காலைச் சிற்றுண்டியில் முப்பது வகை. பொங்கலில் போட்ட மிளகு எந்த ஊர் மிளகு என்று பரிமாறிய பையனைக் கேட்டேன். சிரித்துவிட்டு, கொள்முதல் பார்க்கும் இளைஞரை அழைத்து வந்தான்.

நானும் வியாபாரி என்றதும் அந்த இளைஞர் மனம்விட்டுப் பேசினார். “சார், மளிகை, எண்ணெய், மசாலா எல்லாம் தலைமை அலுவலகம் ஒப்பந்தம் போட்ட இடத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு வண்டி வருகிறது. இங்கே வாங்குவது பால், கொஞ்சம் கீரை, அவசரத்துக்கு ஏதாவது தீர்ந்துபோனால் அது, அவ்வளவுதான்” என்றார். ஏன் என்று கேட்டேன். விரல்விட்டு மூன்று காரணம் சொன்னார். “முறையான பில் கிடைப்பதில்லை. இந்த வாரம் வந்த தரம் அடுத்த வாரம் வருவதில்லை. சீசனில் நாற்பது கிலோ கேட்டால் பத்து கிலோதான் இருக்கிறது என்கிறார்கள்.”

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நாகலூர்க் கடையில் கேட்டது

மறுநாள் நாகலூருக்குப் போனேன். எங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு தம்பி மளிகை வைத்திருக்கிறார். அவருடைய தகப்பனார் அந்தக் காலத்தில் எங்கள் கடையில் பொட்டலம் கட்டியவர். என்னைக் கண்டதும் முக்காலியைத் துடைத்துப் போட்டார். கடையில் முன்வரிசை முழுக்க சிப்ஸ், குளிர்பானம், ஷாம்பு பாக்கெட். அரிசி மூட்டை பின்னால் போய்விட்டது.

“ரிசார்ட்டுக்குச் சரக்குப் போடலாமே தம்பி?” என்றேன்.

“போட்டேன் ஐயா. ஒரு விடுதிக்கு நாலு மாதம் போட்டேன். முதல் மாதம் பணம் சரியாக வந்தது. இரண்டாம் மாதம், ‘மேலே அனுப்பியிருக்கிறோம்’ என்றார்கள். மூன்றாம் மாதம் மேலாளர் மாறிவிட்டார். நாலாவது மாதம் எனக்கே சரக்கு எடுக்கக் காசில்லை. எண்பதாயிரத்துக்கு மேல் நின்றுபோச்சு. நகையை வைத்துத்தான் சேலத்து மண்டிக்குக் கட்டினேன். பாதிதான் திரும்பி வந்தது. அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை” என்றார்.

ஒரே மலையில் இரண்டு நியாயங்கள். விடுதிக்காரர் கடைக்காரரிடம் பில் இல்லை, தரம் இல்லை என்கிறார். கடைக்காரர் விடுதிக்காரரிடம் பணம் வரவில்லை என்கிறார். இரண்டு பேரும் சொல்வது உண்மைதான். இடையில் வாரத்துக்கு இரண்டு வண்டி கீழேயிருந்து ஏறுகிறது. விருந்தாளி கொடுக்கும் ஒன்பதாயிரத்தில் எவ்வளவு கடைத்தெருவில் தங்குகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வெனிஸ் நகரம் சொல்லும் பாடம்

“பணக்கார விருந்தாளிகள் வந்தால் ஊர் தானாக வளரும்” என்று சிலர் சொல்வதுண்டு. அப்படியானால் இத்தாலியில் உள்ள வெனிஸ் நகரைப் பாருங்கள். அதுவும் நம்மவர் ஊர் மாதிரிதான். வியாபாரிகள் உண்டாக்கிய நகரம். அதன் செல்வத்தில் நம் பக்கத்து மிளகுக்குப் பெரும்பங்கு உண்டு. மலபார்க் கரையிலிருந்து அரபு வணிகர் வழியே எகிப்தின் அலெக்சாந்திரியா வரை போன மிளகை வாங்கி, ஐரோப்பா முழுவதற்கும் விற்றுப் பெரிய மனிதர்கள் ஆனவர்கள் அந்நகரத்து வணிகர்கள். 1498ல் வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டைக்குக் கடல்வழி கண்டதற்கு முக்கியக் காரணமே அந்த மிளகு வியாபாரத்தை மடக்கும் ஆசைதான்.

அப்படிப்பட்ட நகரில் வணிகர்களின் மாளிகைகள் ஒவ்வொன்றாக விடுதிகள் ஆயின. 14ஆம் நூற்றாண்டில் தாண்டலோ குடும்பம் கட்டிய மாளிகை 19ஆம் நூற்றாண்டிலேயே டேனியலி என்ற பெயரில் உலகப் புகழ் பெற்ற ஆடம்பர விடுதியாகிவிட்டது. ரியால்டோ பாலத்தின் அருகில், ஜெர்மன் வணிகர்கள் தங்கிச் சரக்கு இறக்கிய பழைய பண்டகசாலை பிற்காலத்தில் தபால் நிலையமாக இருந்தது. 2016ல் அதை வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஆடம்பர அங்காடியாக மாற்றினார்கள். ஒன்பது ஆண்டுகூட ஓடவில்லை. 2025ல் அதையும் மூடிவிட்டார்கள்.

இதற்கிடையில் ஊர் மக்கள் என்ன ஆனார்கள்? 1951ல் தீவு நகரத்தில் சுமார் ஒன்றே முக்கால் லட்சம் பேர் வாழ்ந்தார்கள். 2022ல் ஐம்பதாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. வீடுகள் விருந்தினர் அறைகளாகிவிட்டன. ரொட்டிக் கடை, காய்கறிக் கடை, மளிகைக் கடை இருந்த இடங்களில் முகமூடியும் கண்ணாடிப் பொம்மையும் விற்கிறார்கள். 2024 ஏப்ரல் முதல் கூட்டம் மிகுந்த நாட்களில் பகலில் வந்துபோகும் பயணிகளிடம் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணமே வாங்கத் தொடங்கினார்கள். காசுக்கு அங்கே பஞ்சமில்லை. கடைக்குப் போய் அரைக்கிலோ பருப்பு வாங்கி வீட்டில் சமைக்கிற குடும்பத்துக்குத்தான் பஞ்சம்.

ஏற்காடு வெனிஸ் ஆகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. இங்கே தோட்டம் இருக்கிறது, பள்ளிகள் இருக்கின்றன, நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம் என்று ஊர்கள் இருக்கின்றன. ஆனால் நாகலூர்க் கடையில் அரிசி மூட்டை பின்னால் போய் சிப்ஸ் முன்னால் வந்ததைக் கண்ணால் பார்த்தேன். முதல் அடையாளம் அப்படித்தான் தெரியும்.

நம் பக்கத்துக் குறை

நண்பர்களே, ஊரார் குறையைச் சொல்லுமுன் நம் தராசை நாம் சரிபார்க்க வேண்டும். மிளகில் பப்பாளி விதை கலந்த கதை நமக்குத் தெரியாததா? மலைத்தேன் என்று வெல்லப்பாகை பாட்டிலில் அடைத்து விற்றவர்கள் நம் கூட்டத்தில் இல்லையா? மே மாதக் கோடை விழா வந்தால் தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் ஐந்தும் பத்தும் கூட்டி வாங்கியது யார்? ஒருவர் செய்த காரியத்துக்குக் கடைத்தெரு முழுவதும் பெயர் கெடுகிறது. வெளியூர்க்காரர் ஒருமுறைதான் ஏமாறுவார். அடுத்த முறை தன் ஊரிலிருந்தே மூட்டை கட்டிக்கொண்டு வருவார். ரிசார்ட்காரரும் அதைத்தான் செய்கிறார்.

பில் விஷயத்தில் குழப்பம்

‘முறையான பில் இல்லை’ என்பது பாதி உண்மை, பாதி சாக்கு. நம்மில் பலர் இணக்க வரித் திட்டத்தில், அதாவது காம்போசிஷனில் இருக்கிறோம். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி வரை உள்ளவர்கள் ஒரு சதவீதம் கட்டிவிட்டுப் போகலாம். ஆனால் வரி போட்டு பில் கொடுக்க முடியாது. வாங்குகிறவருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. ஆகவே பெரிய விடுதி நம்மைத் தவிர்க்கிறது என்பது நமக்குச் சொல்லப்படும் காரணம்.

சற்று நிதானித்துப் பாருங்கள். காய்கறி, கீரை, பால், முட்டை, புதிய பழம் ஆகியவற்றுக்கு வரியே இல்லை. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை அடைத்துப் பெயர் ஒட்டிய அரிசி, பருப்புக்குத்தான் ஐந்து சதவீதம். 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கு அது கிடையாது. வரியே இல்லாத சரக்கில் வரவு எங்கிருந்து வரும்?

இன்னொன்று. ஓர் இரவுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை வாங்கும் விடுதிகள்தான் அறைக்கும், தங்கள் உணவகத்துக்கும் 18 சதவீதம் வசூலித்து வரவு எடுத்துக்கொள்கின்றன. அதற்குக் கீழே உள்ள விடுதி உணவகங்கள் ஐந்து சதவீதம் வாங்குகின்றன. அவற்றுக்கு உள்ளீட்டு வரவு கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கும் இதே கதைதான்: ஐந்து சதவீதம், வரவு இல்லை. ஆக, மலையில் உள்ள நடுத்தர விடுதிகளும் காட்டேஜ்களும் ‘ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்க மாட்டோம்’ என்று சொன்னால், அவர்களுக்கு அதனால் வரி லாபம் ஏதுமில்லை என்பதைப் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். அவர்களுக்கு வேண்டியது கணக்கில் காட்ட ஒழுங்கான ரசீது. தேதி, பெயர், எடை, விலை எழுதி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் அச்சிட்ட ரசீது. அதைக் கொடுக்க நமக்கு என்ன தடை? துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதிக் கொடுத்த காலம் மலையேறிவிட்டது.

நிலுவைக்கு நாதி இல்லை

அடுத்தது, நாகலூர்த் தம்பியை நகையை அடகு வைக்கச் செய்த விவகாரம். இதில் அரசாங்கமும் பதில் சொல்ல வேண்டும்.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் வட்டியோடு கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்காத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்திலும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. 2021 ஜூலையில் சில்லரை, மொத்த வணிகர்களும் உத்யம் பதிவு செய்துகொள்ளலாம் என்று அறிவித்தபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். ஆனால் வணிகர்களுக்கு அந்தப் பதிவின் பயன் வங்கிகளின் முன்னுரிமைக் கடனோடு சரி. நிலுவைப் பாதுகாப்பு நமக்குக் கிடையாது. வாசலில் அழைத்து உட்கார வைத்தார்கள்; இலை போடவில்லை.

அதே மலையில் மிளகாய்த்தூள் அரைப்பவர், ஊறுகாய் போடுபவர் உற்பத்தியாளர் என்பதால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. அதே விடுதிக்கு, அதே நாளில், அதே தொகைக்கு அரிசி போட்ட மளிகைக்காரருக்கு இல்லை. பெரிய விடுதியின் தொண்ணூறு நாள் கடனைச் சின்ன மளிகைக்கடை தாங்க வேண்டும் என்றால், ஒன்பதாயிரம் ரூபாய் அறைக்கு நாகலூர்க் கடைக்காரர் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார் என்று பொருள். இந்த அநீதியை மாற்றும்படி நம் பேரமைப்பு மத்திய அரசிடம் தொடர்ந்து வலியுறுத்த வேண்டும்.

இருக்கும் பெயரை விற்கத் தெரியவில்லை

என் தந்தையார் காலத்தில் தோட்டத்துக் காபியை நாங்கள் கடையில் வாங்கி விற்க முடியாது. 1942ஆம் ஆண்டுச் சட்டப்படி விளைந்ததெல்லாம் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குப் போக வேண்டும். 1990களில் அந்தக் கட்டு படிப்படியாகத் தளர்ந்து, 1996ல் விவசாயி தன் காபி முழுவதையும் தானே விற்கலாம் என்றாயிற்று. கதவு திறந்து முப்பது ஆண்டாகிவிட்டது. நாம்தான் உள்ளே போகவில்லை.

காபி வாரியம் இந்தியக் காபிப் பிரதேசங்களுக்கு வகுத்த அடையாளச் சின்னங்களில் சேர்வராயனுக்கும் ஒன்று இருக்கிறது. ஆனால் 2019ல் கூர்க், சிக்மகளூர், அரக்கு, வயநாடு, பாபாபுடன் மலைக் காபிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது சேர்வராயன் அந்தப் பட்டியலில் இல்லை. மலைக்குக் கீழே சேலம் ஜவ்வரிசிக்கு 2023ல் கிடைத்தது. ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் 1981லேயே சேகோசர்வ் என்று கூட்டுறவாகச் சேர்ந்தார்கள். கேட்க ஓர் அமைப்பு இருந்தது, கேட்டார்கள், கிடைத்தது. மலையில் கேட்பதற்குச் சேர்ந்து நிற்கும் கை இல்லை.

நாம் செய்யக்கூடியவை

எல்லாம் அரசு செய்யட்டும் என்று உட்கார்ந்திருந்தால் கடை நடக்காது. அடியேனுக்குத் தோன்றும் யோசனைகளை வைக்கிறேன். தவறிருந்தால் பெரியவர்கள் திருத்தலாம்.

முதலாவது, ஏற்காடு, நாகலூர் வட்டாரக் கடைக்காரர்கள் பத்துப் பேராவது சேர்ந்து விடுதிகளுக்கென்று ஒரு பொது வழங்கல் குழு அமைக்க வேண்டும். தனியாளிடம் பத்துக் கிலோதான் இருக்கும். பத்துப் பேரிடம் நூறு கிலோ இருக்கும். குழுவுக்கு ஒரே பில் புத்தகம், ஒரே வண்டி. குழுவில் ஒருவராவது முழு ஜி.எஸ்.டி. பதிவில் இருந்தால் 18 சதவீத விடுதிகளுக்கும் அவர் பெயரில் வரி பில் போடலாம். இதன் நெளிவு சுளிவுகளை ஒரு கணக்கரிடம் கேட்டு முறைப்படி செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, கொள்முதல் ஆணை எழுத்தில் இல்லாமல் பெரிய விடுதிக்குச் சரக்கு போகக்கூடாது. தவணை பதினைந்து நாள். முதல் பில் பணம் வராமல் மூன்றாவது பில் சரக்கு ஏறக்கூடாது. ஒரு கடைக்காரருக்குப் பணம் நிறுத்திய விடுதிக்கு, அதைத் தீர்க்கும்வரை, குழுவில் எவரும் சரக்குப் போடக்கூடாது. மேலாளர் மாறினார் என்பது நமக்குப் பதிலாகாது. கடன் விடுதியின் கடன்.

மூன்றாவது, மலைச் சரக்குக்குத் தரம் பிரிக்க வேண்டும். மிளகைப் புடைத்து, சலித்து, காயவைத்து, முதல் தரம், இரண்டாம் தரம் என்று தனித்தனியாகக் கட்டுங்கள். காபியில் பிளாண்டேஷன் ஏ, பீபெரி என்று பிரிக்கத் தெரிந்த கைகள் மலையில் இருக்கின்றன. பொட்டலத்தில் பெயர், முகவரி, நிகர எடை, அடைத்த தேதி, அதிகபட்ச விலை, உணவுப் பாதுகாப்பு எண் எல்லாம் இருக்கட்டும். நாகலூர் மிளகு என்று எழுதினால் உள்ளே நாகலூர் மிளகு இருக்க வேண்டும். நாமே வறுத்து அரைத்து அடைத்தால் உற்பத்தியாளர் என்று பதிவு செய்யவும் வழி பிறக்கும். அப்போது நிலுவைப் பாதுகாப்பும் வரும்.

நான்காவது, சீசன் விலை. கோடையில் ஏற்றுக்கூலி கூடினால் அதை வெளிப்படையாக விலைப்பலகையில் எழுதுங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு பைசா வாங்க வேண்டாம். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பைகளைக் கடையில் வைக்கவும் வேண்டாம். ரெய்டு வந்தால் அபராதம் நமக்கு. குப்பை விழுவதும் நம் மலையில்தான்.

ஐந்தாவது, விடுதி உரிமையாளர்களைப் பகைவர்களாக நினைக்க வேண்டியதில்லை. அவர்களையும் அழைத்து ஒரு கூட்டம் போடுவோம். அறையில் உடனடிக் காபிக்குப் பதிலாகச் சேர்வராயன் காபித்தூளும் ஒரு டிகாஷன் பாத்திரமும் வையுங்கள், விருந்தாளி பிடித்துப்போனால் போகும்போது கால் கிலோ வாங்கிப் போவார் என்று எடுத்துச் சொல்வோம். முப்பது வகைச் சிற்றுண்டியில் ஐந்து வகைக்காவது மலைச் சரக்கை வாங்கட்டும். அது விடுதிக்கும் பெருமைதானே?

முடிவாக

ஊருக்குத் திரும்பும் நாள் காலையில் நாகலூர்த் தம்பியிடம் ஒரு கிலோ மிளகும் அரைக் கிலோ காபித்தூளும் வாங்கினேன். காசு வாங்க மறுத்தார். “வியாபாரத்தில் அது கூடாது தம்பி” என்று சொல்லி, பில் போடச் சொல்லிக் கொடுத்தேன். விடுதியில் அறையைக் காலி செய்யும்போது, பக்கத்து அறையில் தங்கியிருந்த பெங்களூர்க் குடும்பத்து அம்மாள் மிளகு வாசனை பிடித்துவிட்டு, “இது எங்கே கிடைக்கும்?” என்று கேட்டார். நாகலூருக்கு வழி சொன்னேன். அவர்கள் போனார்களா என்று தெரியாது.

கொள்முதல் பார்க்கும் இளைஞரிடமும் ஒரு பிடி மிளகு கொடுத்துவிட்டு வந்தேன். முகர்ந்து பார்த்தார். “இது நன்றாக இருக்கிறது சார். மாதம் இருபது கிலோ, இதே தரத்தில், பில்லோடு தருவார்களா?” என்றார். “தருவார்கள். பதினைந்து நாளில் பணம் தருவீர்களா?” என்றேன். “மேலே கேட்டுச் சொல்கிறேன்” என்றார்.

இரண்டு கேள்விகளும் அப்படியே நிற்கின்றன. முதல் கேள்விக்குப் பதில் நம் கையில் இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்தில் இந்தப் பொருளை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். மலைக்கடை நண்பர்கள் தவறாமல் வாருங்கள். வரும்போது, எந்த விடுதியில் எவ்வளவு நிலுவை நிற்கிறது என்ற நோட்டையும் கையோடு கொண்டு வாருங்கள்.